இண்டிகேட்டர் கோளாறு: மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

இண்டிகேட்டர் சரியாக எரியவில்லை என்று வண்டியை நிறுத்தினால், பெரும்பாலும் முதலில் கழற்றப்படுவது ஃபிளாஷர் ரிலேதான். விலை குறைவு, கழற்றி மாட்டுவதும் சுலபம், டிக் டிக் சத்தம் வருவதும் அதிலிருந்துதான் என்பதால் சந்தேகம் அதன் மேல் விழுகிறது. அதிலும் சரியாகவில்லை என்றால் பல்ப், பிறகு சுவிட்ச், கடைசியில் ஒயரிங் என்று வரிசையாகப் பாகங்கள் மாறுகின்றன. இந்த அத்தியாயம் வலியுறுத்துவது ஒன்றைத்தான்: ஒரு பாகம் கெட்டுவிட்டது என்று சோதனை காட்டிய பிறகே அதை மாற்ற வேண்டும், அந்தச் சோதனையையும் விளக்கு எரியும்போது, கரண்ட் ஓடும்போது செய்ய வேண்டும். இதற்கு விலை உயர்ந்த கருவிகள் தேவையில்லை. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 21 வாட் பல்பில் இரண்டு ஒயர் பற்றவைத்துச் செய்த டெஸ்ட் லேம்ப், நடுவில் 10 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்த ஒரு துண்டு ஒயர், இவை போதும்.

இதில் அவசரம் கூடாது என்பதற்குச் செலவை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஹெட்லைட் கெட்டால் ஓட்டுபவருக்கு உடனே தெரியும். பின்பக்க இண்டிகேட்டர் மங்கினால் அவருக்குத் தெரியாது. பின்னால் வருகிறவர்தான் ஆபத்தில் மாட்டுகிறார். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 102ஆம் விதி, இண்டிகேட்டர் ஆம்பர் நிறத்தில், நிமிடத்துக்கு 60க்குக் குறையாமலும் 120க்கு மிகாமலும் சிமிட்ட வேண்டும் என்கிறது. சோதனையும் அங்கேயே தொடங்கட்டும். எஞ்சின் ஓடும்போது, கடிகாரத்தைப் பார்த்து, இடதுபக்கம் ஒரு நிமிடம், வலதுபக்கம் ஒரு நிமிடம் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பாகத்தையும் தொடாமல் கிடைக்கும் முதல் அளவு இது.

பொதுப்பாதையும் கிளைப்பாதையும்

ஃபிளாஷர் வைத்த 12 வோல்ட் கார், வேன்களில் கரண்ட் போகும் வழி ஏறத்தாழ ஒன்றேதான். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து இக்னிஷன் சுவிட்ச், ஃப்யூஸ், ஃபிளாஷர், ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் இண்டிகேட்டர் சுவிட்ச். இதுவரை இரண்டு பக்கத்துக்கும் பொதுப்பாதை. சுவிட்சைத் தாண்டியதும் பாதை இடம், வலம் என்று பிரிகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் முன்னால் ஒரு 21 வாட், பின்னால் ஒரு 21 வாட், பக்கவாட்டில் பெரும்பாலும் ஒரு 5 வாட் பல்ப் இருக்கும். அவற்றின் வழியாகப் போகும் கரண்ட் எர்த் மூலம் பாடிக்கும், அங்கிருந்து பேட்டரியின் நெகட்டிவுக்கும் திரும்புகிறது. சிவப்பு முக்கோணம் போட்ட ஹஸார்ட் சுவிட்ச், பெரும்பாலான கார்களில், இக்னிஷனைத் தொடாமல் தனி ஃப்யூஸ் வழியாகக் கரண்ட் எடுத்து, அதே ஃபிளாஷரைக் கொண்டு நான்கு மூலைகளையும் எரிக்கிறது. பைக்குகளில் பல்ப் பெரும்பாலும் 10 வாட், சுவிட்ச் ஹேண்டில்பாரில். மற்றபடி அமைப்பு இதுவே.

இந்தப் பாதை மனதில் இருந்தால், சுவிட்சை மூன்று முறை போட்டுப் பார்ப்பதிலேயே கோளாறின் இருப்பிடம் பாதிக்கு மேல் தெரிந்துவிடும். இடது நன்றாக எரிந்து வலது மட்டும் தகராறு செய்தால், பொதுப்பாதையில் உள்ள ஃப்யூஸும் ஃபிளாஷரும் குற்றவாளிகள் அல்ல. அவை கெட்டிருந்தால் இடதும் எரிந்திருக்காது. சுவிட்சின் வலதுபக்கக் கான்டாக்ட், வலதுபக்க ஒயர், பல்ப், ஹோல்டர், எர்த் ஆகியவற்றை மட்டும் பார்த்தால் போதும். இரண்டு பக்கமும் எரியவில்லை, ஹஸார்ட் போட்டால் மட்டும் நான்கும் சிமிட்டுகின்றன என்றால், ஃபிளாஷர், பல்புகள், எர்த் எல்லாம் நன்றாக இருக்கின்றன. இக்னிஷன் வழியாக வரும் ஃப்யூஸையும் இண்டிகேட்டர் சுவிட்சையும் பாருங்கள். ஹஸார்ட் சுவிட்சையும் விட்டுவிடக் கூடாது. பல கார்களில் ஃபிளாஷருக்குப் போகும் கரண்ட், ஹஸார்ட் அணைந்திருக்கும்போது அந்தச் சுவிட்சின் உள் கான்டாக்ட் வழியாகத்தான் போகிறது. அதைப் பத்துத் தடவை அழுத்தி எடுத்ததும் இண்டிகேட்டர் உயிர் பெற்றால், தேய்ந்திருப்பது அந்தக் கான்டாக்ட்தான். ஹஸார்டும் இல்லை, இண்டிகேட்டரும் இல்லை என்றால் மட்டுமே ஃபிளாஷர் மேல் நியாயமான சந்தேகம் எழுகிறது.

வேகமாகச் சிமிட்டுவது ஒரு தகவல்

ஒரு பக்கம் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டால் ஃபிளாஷர் போய்விட்டது என்று நினைப்பது மிகவும் பரவலான தவறு. எலக்ட்ரானிக் ஃபிளாஷருக்குள் மிகச் சிறிய மின்தடை ஒன்று வைத்து, அதன் வழியாக எவ்வளவு கரண்ட் போகிறது என்று ஃபிளாஷரே கவனித்துக்கொண்டிருக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். 21 வாட் பல்ப் ஒன்று 12 வோல்ட்டில் எடுப்பது 1.75 ஆம்பியர். ஒரு பக்கத்தின் 47 வாட்டும் சேர்ந்து எடுப்பது ஏறத்தாழ 3.9 ஆம்பியர். பெரிய பல்ப் ஒன்று அணைந்தால் இது 2.2 ஆம்பியருக்கு இறங்குகிறது. உடனே ஃபிளாஷர் சிமிட்டும் வேகத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கி, ஒரு விளக்கு குறைகிறது என்று டேஷ்போர்டு வழியாக ஓட்டுபவருக்குச் சொல்கிறது. அப்போது ஃபிளாஷரைக் கழற்றி எறிவது, ஒழுங்காக வேலை செய்கிற பாகத்தைத் தண்டிப்பதாகும். பக்கவாட்டு 5 வாட் பல்ப் போனால் குறையும் கரண்ட் கொஞ்சம்தான் என்பதால் வேகம் பெரும்பாலும் மாறாது. அதை இறங்கிப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

பழைய வண்டிகளில் இருக்கும் வெப்ப ஃபிளாஷர் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதில் கரண்ட் தரும் சூட்டில் இரட்டை உலோகப் பட்டை வளைந்து தொடர்பைத் துண்டிக்கிறது, ஆறியதும் திரும்பச் சேர்கிறது. பல்ப் ஒன்று போய்க் கரண்ட் குறைந்தால் போதிய சூடு ஏறாமல், சிமிட்டல் தாமதப்படலாம். சில வகைகளில் மீதி விளக்கு சிமிட்டாமல் நின்று எரியும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மந்தமாகி, ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் சரியானால் இண்டிகேட்டரை விட்டுவிட்டு பேட்டரியைப் பாருங்கள். முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டை ஒட்டியும், எஞ்சின் ஓடும்போது பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வோல்ட் வரையிலும் காட்ட வேண்டும். பைக்குகளில் இண்டிகேட்டர் மந்தமானதற்கு நலிந்த பேட்டரியே காரணமாக இருப்பது மிகச் சகஜம்.

கரண்ட் ஓடாதபோது கிடைக்கும் அளவை நம்பாதீர்கள்

கோளாறு எந்தக் கிளையில் என்று தெரிந்துவிட்டது. அங்கே பெரும்பாலானவர்கள் பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டரை வைக்கிறார்கள். 12 வோல்ட் காட்டுகிறது. ஒயர் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்கிறார்கள். இந்த முடிவு ஏன் தவறு என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகா ஓம் அளவில் இருக்கும். 12 வோல்ட்டில் அது இழுப்பது ஓர் ஆம்பியரில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வழியில் களிம்பேறிய கப்ளர் ஒன்று 100 ஓம் தடை கொடுத்துக்கொண்டிருந்தாலும் இவ்வளவு சிறிய கரண்ட்டுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. மீட்டர் முழு 12 வோல்ட்டையும் காட்டும். ஆனால் எரியும்போது 7 ஓம் மட்டுமே உள்ள பல்பை மாட்டினால் அந்தக் கப்ளரே ஏறத்தாழ முழு வோல்ட்டேஜையும் விழுங்கிவிடும். துருவால் அடைபட்ட குழாயில்கூட, திருகை மூடி வைத்திருக்கும்வரை அழுத்தம் முழுதாகத்தான் இருக்கும். திறந்தால்தான் அடைப்பு தெரியும்.

மீட்டரில் பீப் சத்தம் கேட்டுப் பார்ப்பதற்கும் இதே குறைதான். பல மீட்டர்கள் சில பத்து ஓம் தடை இருந்தாலும் சத்தம் போடும். இண்டிகேட்டருக்கோ ஒரே ஒரு ஓம் கூடினாலே பாதிப்பு. 7 ஓம் பல்புடன் 1 ஓம் சேர்ந்தால் ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் அந்த இடத்தில் வீணாகி, பல்புக்குப் பத்தரை வோல்ட்தான் போய்ச் சேரும். இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜை விட வேகமாகக் குறைவதால், இந்த ஒரு ஓமே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தைத் தின்றுவிடும். பல்பை மட்டும் தனியாக ஓம் பார்ப்பதும் குழப்பும். குளிர்ந்த இழையின் தடை சூடான இழையினுடையதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். 21 வாட் பல்ப் ஒரு ஓமுக்கும் கீழே காட்டினால் அது ஷார்ட் அல்ல, நல்ல பல்ப்.

ஆகவே, பல்பை ஹோல்டரிலேயே விட்டு, அது எரியும்போது அளக்க வேண்டும். சிமிட்டிக்கொண்டே இருந்தால் மீட்டரின் எண்கள் நிலைக்காது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. இக்னிஷனை அணைத்து, ஃபிளாஷரைக் கழற்றி, கரண்ட் உள்ளே வரும் பின்னையும் வெளியே போகும் பின்னையும் ஃப்யூஸ் வைத்த துண்டு ஒயரால் இணையுங்கள். பல ஃபிளாஷர்களில் உள்வழி 49 அல்லது B என்றும், வெளிவழி 49a அல்லது L என்றும், எர்த் 31 அல்லது E என்றும் அச்சிடப்பட்டிருக்கும். எர்த் பின்னுடன் எதையும் இணைத்துவிடக் கூடாது. பிறகு இக்னிஷனைப் போட்டு இண்டிகேட்டரைத் தள்ளினால் விளக்குகள் சிமிட்டாமல் நின்று எரியும். இப்போது மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை பல்புக்குக் கரண்ட் வரும் ஒயர் ஹோல்டரில் சேரும் இடத்திலும் வையுங்கள். வழியில் எவ்வளவு வோல்ட் வீணாகிறது என்பது நேராகத் தெரியும். பல இணைப்புகளைக் கடந்து வரும் இந்தப் பாதையில் அரை வோல்ட் வரை பொறுக்கலாம். அதற்கு மேல் போனால், முனையை ஃப்யூஸ், சுவிட்ச், கப்ளர் என்று ஒவ்வோர் இடமாக நகர்த்துங்கள். எந்த இடத்தில் எண் திடீரென்று தாவுகிறதோ, கோளாறு அங்கே இருக்கிறது.

எர்த்: அதிகம் கெடுவது, குறைவாகச் சந்தேகிக்கப்படுவது

கரண்ட் வரும் வழியை எல்லோரும் பார்க்கிறார்கள். திரும்பும் வழியைப் பார்ப்பவர்கள் குறைவு. மழைநீரும் சேறும் தெறிக்கும் பின்விளக்கில்தான் எர்த் அதிகம் கெடுகிறது. அங்கே டெயில் லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர் மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே எர்த் ஒயர்தான். அந்த ஒயரின் முனை பாடியில் திருகப்பட்ட இடத்தில் துரு ஏறினாலோ, ஹோல்டரின் பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பு பூத்தாலோ, இண்டிகேட்டர் பல்பின் கரண்ட் திரும்ப வழியின்றி வேறு வழி தேடும். பக்கத்து டெயில் லைட் இழைக்குள் பின்புறமாக நுழைந்து, அந்த ஒயர் வழியாகவே வண்டியின் மற்ற பார்க்கிங் பல்புகளை அடைந்து, அவற்றின் நல்ல எர்த்தில் இறங்கும். ஹெட்லைட் சுவிட்சையே தொடாதபோது, இண்டிகேட்டருக்கு ஒத்தாற்போல் டெயில் லைட் மங்கலாகச் சிமிட்டுகிறதா? பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் தடுமாறுகிறதா? இந்த இரண்டு அறிகுறிகளைப் பார்த்தும் ஃபிளாஷரை மாற்றுவதில் எந்த நியாயமும் இல்லை.

உறுதிசெய்ய அரை நிமிடம் போதும். விளக்கு நின்று எரியும்போது, மீட்டரின் ஒரு முனையை ஹோல்டரின் எர்த் தகட்டிலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வையுங்கள். 0.1, 0.2 வோல்ட் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தான் கோளாறு. திருகைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை பெயின்ட்டையும் துருவையும் தேய்த்து, இறுக்கமாகத் திரும்பப் பூட்டி, மேலே கொஞ்சம் பேட்டரி ஜெல்லி தடவுங்கள். பிறகு திரும்ப அளந்து, எண் இறங்கியதைக் கண்ணால் பாருங்கள். எர்த் நன்றாக இருந்தும் விளக்குகள் ஒன்றோடொன்று கலந்து எரிந்தால் பல்பைக் கழற்றிப் பாருங்கள். டெயிலுக்கும் பிரேக்குக்கும் சேர்த்து வரும் இரட்டை இழை பல்பின் இரண்டு பின்களும் வெவ்வேறு உயரத்தில் இருக்கும். ஒற்றை இழை பல்பை அந்த ஹோல்டரில் அழுத்தித் திணித்தால் அடியிலுள்ள இரண்டு கான்டாக்ட்டுகளையும் அது ஒன்றாக இணைத்துவிடும். கவனித்துப் பார்த்தால், அறுந்த இழை பக்கத்து இழையின் மேல் விழுந்து ஒட்டியிருப்பதும் கண்ணாடி வழியே தெரியும்.

ஃபிளாஷர், சுவிட்ச், ஃப்யூஸ்

துண்டு ஒயர் போட்டதும் இரண்டு பக்கமும் பிரகாசமாக நின்று எரிகின்றன, ஃபிளாஷரைத் திரும்ப மாட்டினால் எரிவதில்லை என்றால், ஃபிளாஷர் கெட்டுவிட்டது என்று சொல்ல ஆதாரம் கிடைத்துவிட்டது. ஆனாலும் கடைக்குப் போகுமுன் இன்னும் ஒரே ஒரு சோதனை. மூன்று பின் ஃபிளாஷருக்கு எர்த் கிடைக்காவிட்டால் புதிதும் சிமிட்டாது. டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை சாக்கெட்டின் எர்த் பின்னிலும் வையுங்கள். பிரகாசமாக எரிந்தால் எர்த் சரி, ஃபிளாஷரை மாற்றலாம். துண்டு ஒயர் போட்டும் எதுவும் எரியவில்லை என்றால், உள்வழிப் பின்னில் டெஸ்ட் லேம்ப் வையுங்கள். எரிந்தால் கோளாறு சுவிட்சில் அல்லது அதற்குப் பிறகு. எரியாவிட்டால் ஃப்யூஸிலோ இக்னிஷன் பக்கத்திலோ.

ஒரு பக்கம் இண்டிகேட்டர் போடும்போது மட்டும் ஃப்யூஸ் போகிறதென்றால் அந்தப் பக்கத்து ஒயர் எங்கோ உராய்ந்து பாடியைத் தொடுகிறது. அதற்காகப் பெரிய ஆம்பியர் ஃப்யூஸ் போடுவதும் ஃப்யூஸில் ஒயர் இழை சுற்றுவதும் வண்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம். ஃப்யூஸ் உருகாவிட்டால் ஒயர் உருகும். அந்தப் பக்கத்துப் பல்புகளைக் கழற்றுங்கள். ஃபிளாஷர் இடத்தில் துண்டு ஒயரை வைத்து, ஃப்யூஸ் இடத்தில் 21 வாட் டெஸ்ட் லேம்பை இணையுங்கள். ஷார்ட் இருக்கும்வரை லேம்ப் பிரகாசமாக எரியும், கரண்ட் 1.75 ஆம்பியரைச் சுற்றியே நிற்பதால் ஒயருக்கு ஆபத்தில்லை. இப்போது டிக்கி மூடியின் கீல், ஸ்டீயரிங் தண்டு, விளக்கின் பின்புறம், பைக் என்றால் ஹேண்டில்பார் திரும்பும் கழுத்து ஆகிய இடங்களில் ஒயரை மெதுவாக அசைத்துப் பாருங்கள். எங்கே அசைக்கும்போது லேம்ப் அணைகிறதோ, ஒயர் அங்கே உராய்கிறது.

எழக்கூடிய மறுப்புகள்

அனுபவசாலி ஒருவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிறாரே, இவ்வளவு அளவு எதற்கு என்று கேட்கலாம். அவர் இரண்டு பக்கத்தையும் போட்டுப் பார்த்து, வேகத்தைக் காதால் கேட்டு, டெயில் லைட்டைக் கவனித்துத்தான் சொல்கிறார். இங்கே சொன்ன படிகளையே அவர் விரைவாகத் தாண்டுகிறார், அவ்வளவுதான். அந்தக் கண் வரும்வரை அளவு தேவை. வந்த பிறகும், சந்தேகமான இடத்தில் அளவே தீர்ப்பு.

எல்இடி பல்ப் மாட்டியதும் சிமிட்டல் வேகமாகிவிட்டதே, இங்கே எதுவும் கெடவில்லையே என்பது அடுத்த கேள்வி. உண்மை, எதுவும் கெடவில்லை. எல்இடி இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு என்பதால், பல்ப் போய்விட்டதாக ஃபிளாஷர் கணிக்கிறது. எல்இடிக்கென்றே வரும் ஃபிளாஷரை மாட்டுவது நல்ல தீர்வு. பலர் மாட்டும் 6 ஓம் மின்தடை, எரியும் நேரத்தில் 24 வாட்டைச் சூடாக்கியே வீணடிக்கிறது. பிளாஸ்டிக்கின் மேலோ ஒயர்க் கட்டின் மேலோ வைத்தால் உருக்கிவிடும், உலோகத்தில்தான் பொருத்த வேண்டும். டேஷ்போர்டில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஒரு இண்டிகேட்டர் விளக்கு உள்ள பைக்குகளில் எல்இடி போட்டதும் நான்கும் சேர்ந்து சிமிட்டுவதுண்டு. அந்த ஒற்றை விளக்கு இடது ஒயருக்கும் வலது ஒயருக்கும் நடுவில் இருப்பதால், அதன் வழியாகக் கசியும் சிறு கரண்ட்டே எல்இடிக்குப் போதுமானதாகிவிடுகிறது. இரண்டு டையோடுகளால் அந்த வழியைப் பிரித்தால் சரியாகும்.

புது வண்டிகளில் ஃபிளாஷரே கிடையாது, எல்லாம் பிசிஎம் என்ற கம்ப்யூட்டர் பெட்டிதான், இந்த முறை அங்கே செல்லுமா என்பதுதான் கனமான மறுப்பு. சோதிக்கும் விதம் மாறத்தான் வேண்டும். அங்கே துண்டு ஒயர் போடக் கூடாது. 21 வாட் டெஸ்ட் லேம்ப்பும் கூடாது, அது இழுக்கும் கரண்ட் பெட்டியின் உட்சுற்றைப் பாதிக்கக்கூடும். மீட்டரும் ஸ்கேனரும் மட்டுமே. ஆனால் பல்ப், ஹோல்டர், கப்ளர், எர்த் ஆகியவை புது வண்டியிலும் அதே மழையில்தான் நனைகின்றன. ஸ்கேனர் ‘வலது பின் இண்டிகேட்டர் ஓப்பன்’ என்று காட்டினால் அது பெட்டி பார்த்த அறிகுறிதான்; காரணத்தை ஒயரில் தேட வேண்டும். பெட்டியின் விலையும், புதிதை வண்டியோடு பொருத்தப் புரோகிராம் செய்யும் செலவும் சேரும்போது, அளந்த பிறகே மாற்ற வேண்டும் என்ற விதி அங்கே இன்னும் அழுத்தமாகப் பொருந்துகிறது.

மாற்றிப் பார்த்தேன், சரியாகிவிட்டது, அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்பது கடைசி மறுப்பு. ஒரு பாகத்தைக் கழற்றி மாட்டும்போது கப்ளரின் தகடுகள் உரசிக்கொண்டு, களிம்பு கொஞ்சம் கழன்று, தொடர்பு தற்காலிகமாகச் சீராகிவிடும். புதுப் பாகம் செய்ததாக நினைக்கும் வேலையை அந்த உரசல் செய்திருக்கலாம். சில வாரத்தில் களிம்பு திரும்பும், கோளாறும் திரும்பும். எனவே புதியது வேலை செய்த பிறகு பழையதைத் திரும்ப மாட்டிப் பாருங்கள். கோளாறு திரும்பி வந்தால் பழைய பாகம் கெட்டதுதான். வரவில்லை என்றால் புதியதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தக் கப்ளரைச் சுத்தம் செய்யுங்கள். முடிவில் ஹெட்லைட்டைப் போட்டு, ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, எஞ்சின் ஓடும்போது இரண்டு பக்கமும் ஒவ்வொரு நிமிடம் எண்ணுங்கள். எல்லா விளக்கும் சேர்ந்து எரியும் அந்த நேரத்திலும் எண்ணிக்கை 60க்கும் 120க்கும் நடுவில் நின்று, ஒரு விளக்கு இன்னொன்றை மங்கச் செய்யாமல் இருந்தால் மட்டுமே வேலை முடிந்ததாகக் கொள்ளுங்கள்.